வராந்தா வகுப்புக்கு ஒரு கதவு

ஒன்றாம் வகுப்பு டீச்சர் எதையும் மூன்று தடவை சொல்லுவாள். பிறவிக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அவ்வளவு சாது. எல்லாம் அந்த வராந்தா செய்த வேலை.

பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் ஐந்து, வகுப்பறைகள் நான்கு. மிச்சம் விழுந்த ஒன்றாம் வகுப்பு ஆறு வருஷமாக வராந்தாவில் நடந்து வந்தது. இடது பக்கக் கதவு இரண்டாம் வகுப்புக்கு, வலது பக்கக் கதவு மூன்றாம் வகுப்புக்கு. டீச்சர் ஒன்றை முதல் தடவை சொன்னால் இடது பக்கத்துப் பாட்டு அதை விழுங்கிவிடும். இரண்டாம் தடவை சொன்னால் வலது பக்கத்து வாய்ப்பாடு வந்து அமுக்கும். மூன்றாவது தடவை தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினால்தான் அவளுடைய முப்பத்தோரு பிள்ளைகளின் காதிலும் விழும். இப்படி ஆறு வருஷம் கத்தினால் எவளுக்கும் அது வழக்கமாகிப்போகும். வீட்டில் தட்டை வைத்துவிட்டு, "உப்பு போட்டாச்சு, உப்பு போட்டாச்சு, உப்பு போட்டாச்சு" என்பாள். தச்சு வேலை செய்யும் அவள் கணவர் கையை உதறிக்கொண்டு, "ஒரு தடவை போட்டியா, மூணு தடவை போட்டியா? அதைச் சொல்லிடு, அப்புறம் வாயில வைக்கிறேன்" என்பார்.

சத்தம் மட்டும் என்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆபீஸ் அறைக்குப் போகிற யாராக இருந்தாலும் இந்த வகுப்பின் நடுவே புகுந்துதான் போக வேண்டும். தபால்காரர் வருவார், யாரோ ஒரு அப்பா வருவார், தண்ணீர் கேன்காரர் வருவார். வந்தவர் ஒவ்வொருவருக்கும் முப்பத்தோரு பேரும் எழுந்து நின்று "வணக்கம் ஐயா" என்று ராகம் போடுவார்கள். ஒரு நாள் நாய் ஒன்று வந்தது, அதற்கும் போட்டார்கள். சாரல் அடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கரும்பலகை கிடையாது, ஒரு பலகையை நாற்காலியில் சாய்த்து வைத்து எழுதுவாள், காற்றடித்தால் பலகை முதலில் படுக்கும், பிறகு நாற்காலி படுக்கும்.

அப்படிப்பட்டவளிடம் பெரிய டீச்சர் தானே நடந்து வந்து சொன்னார். பெரிய டீச்சர் என்பது தலைமையாசிரியைக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர். சும்மா சிரிக்கிற ஆள் இல்லை. அன்று அவர் வாயெல்லாம் பல்.

"இங்க பாரும்மா, நமக்கு ஒரு புது அறை கொடுத்திருக்காங்க. கடிதம் வந்துடுச்சு. அது உன் வகுப்புக்குத்தான்."

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நிஜமாவா மேடம், நிஜமாவா மேடம், நிஜமாவா மேடம்" என்றாள். பிள்ளைகள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்து நின்று வணக்கம் போட்டார்கள்.

அன்று முதல் அவள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்கு நடக்கவில்லை என்பது கணவரின் புகார். புகார்தானே தவிர, அவரும் சேர்ந்து கூத்தடித்தார். ஒரு பலகைத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல வரைந்தார்.

"ஜன்னல் கீழ இருக்கணுங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் ஜன்னலை டீச்சர் உயரத்துக்கு வச்சிடறாங்க. பிள்ளைங்க வானத்தைத் தவிர ஒன்னும் பார்க்க முடியாது."

"வெளியில பார்த்துட்டே இருந்தா பாடம் யாரு படிப்பா?"

"பார்க்கட்டுங்க. மழை வந்தா பார்க்கட்டும். இதுவரைக்கும் அதுங்க மழையைப் பார்த்ததே இல்ல, நனைஞ்சுதான் இருக்குங்க."

கரும்பலகை தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் ஆரம்பிக்க வேண்டும், பிள்ளைகளும் எழுதுகிற மாதிரி. சுவர் நீளத்துக்கும் பை மாட்டக் கொக்கி வேண்டும், முப்பத்தோரு கொக்கி. மூலையில் ஒரு அலமாரி. அப்புறம் ஒரு கதவு. எப்படிக் கதவு வேண்டும் என்று அவர் கேட்டார். தச்சர் அல்லவா, ஒற்றையா இரட்டையா, கண்ணாடி வைத்ததா என்று அடுக்கினார். டீச்சர், "சாத்துனா சாத்திக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

இனி அளவு எடுத்த கதை. இன்ஜினியருக்கு நாற்பது பள்ளிக்கூடம். "இடத்தை நீங்களே அளந்து அனுப்பிடுங்க, வரைபடம் போட்டுடறேன், நான் வரும்போது சரிபார்த்துக்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டார். பள்ளிக் கட்டடத்தின் கடைசிச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே சும்மா கிடக்கும் இடம்தான் புது அறைக்கு. நீளத்துக்குப் பஞ்சமில்லை. அகலம்தான் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

டீச்சர் கணவரின் டேப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். எட்டு மீட்டர் இரும்பு டேப். எப்போதோ ரம்பம் பட்டு அதன் முதல் பத்து சென்டி போய்விட்டது. புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்தும் மனுஷன் கை பழையதற்குத்தான் போகும். கொடுக்கும்போது படித்துப் படித்துச் சொன்னார்: "இது பத்துலதான் ஆரம்பிக்கும். வர்ற அளவுல பத்து சென்டி கழிச்சுக்கணும். மறந்துட்டேன்னு வந்து நிக்காதே."

மறப்பதாவது! அந்தப் பத்து சென்டியை அவள் தலையில் வைத்த தண்ணீர்க் குடம் போலச் சுமந்தாள். சனிக்கிழமை காலை அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், மூன்றாம் வகுப்பு சார் மறுமுனையில் குனிந்து அளவு பார்த்தார். "சார், டேப்புல முதல் பத்து சென்டி இல்ல, கழிச்சுக்கோங்க" என்று மூன்று தடவை சொன்னாள். சார் தலையாட்டிவிட்டு ஒரு சீட்டில் எழுதி, மடித்து, பெரிய டீச்சர் மேஜையில் வைத்தார். திங்கட்கிழமை காலை பெரிய டீச்சரைக் குழாயடியில் பார்த்தவுடன், எதற்கும் சொல்லி வைப்போம் என்று அவரிடமும் மூன்று தடவை சொன்னாள். பெரிய டீச்சர் மேஜைக்குப் போய், மையில் அழகாகப் பிரதி எடுத்து, உறையில் போட்டு, இவள் கையிலேயே கொடுத்து அனுப்பினார். உறையை இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டு வாசல் வரைக்கும் வந்தவள், மனசு கேட்காமல் திரும்பி நின்று அவரிடமும் சொன்னாள். எத்தனை தடவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பெரிய டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டார்.

"அகலம் குறைஞ்சது ஆறு மீட்டர் இருக்கணுமாம். நம்ம இடம் ஆறுக்குக் கீழதான் வருதாம்." மேஜை இழுப்பிலிருந்து தன் பிரதியை எடுத்துப் பார்த்தார். "ஆமா. அஞ்சு தொண்ணூத்தி மூணு. ஏழே ஏழு சென்டிம்மா."

"அப்ப?"

"நாளைக்கு ரெண்டு மணிக்கு வர்றாராம். இடம் இல்லைன்னு எழுதி நான் கையெழுத்துப் போடணும். அந்த அறை வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடும். மறுபடியும் எப்ப வரும்னு அவருக்கே தெரியாதாம்."

டீச்சர் அன்று வீட்டுக்குப் போனபோது கணவர் பலகையில் புதிதாக ஒரு கொக்கி வரைந்து வைத்திருந்தார், யானைத் தும்பிக்கை மாதிரி. அவள் அதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். ஏழு சென்டி என்று விரலை விரித்துக் காட்டினாள். மதிலை ஏழு சென்டி தள்ளிக் கட்டித் தருகிறேன் என்றார் பாவம், ஆசைக்குச் சொன்ன வார்த்தை.

வெள்ளிக்கிழமை காலை வராந்தாவில் வகுப்பு வழக்கம்போல நடந்தது. நடக்காமல் என்ன செய்யும்? கழித்தல் பாடம். பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டிய கட்டு ஆளுக்கு ஒன்று. இடது பக்கம் பாட்டு உச்சத்தில் இருந்தது, வலது பக்கம் எட்டாம் வாய்ப்பாடு. டீச்சர் உற்சாகம் இல்லாத குரலில், "கட்டுல இருந்து ஒரு குச்சியை எடுத்துக் கீழ வைங்க" என்றாள். மறுபடி சொன்னாள். மறுபடியும் சொன்னாள்.

"எத்தனை மிச்சம்?"

"ஒன்பது!" என்று முப்பது பேர் கத்தினார்கள்.

"ஏழு" என்றது ஒரு குரல். முன்வரிசையில் பட்டாணி. வகுப்பிலேயே சின்னவள், அதனால் அந்தப் பெயர். டீச்சருக்குப் பக்கத்திலேயே உட்காருவதால் மற்றவர்களுக்கு ஒரு தடவை கேட்பது அவளுக்கு மூன்று தடவையும் கேட்கும்.

"ஏழு எப்படிடி வரும்? ஒன்னுதானே எடுக்கச் சொன்னேன்?"

"மூணு தடவை சொன்னீங்க டீச்சர். நான் ஒவ்வொரு தடவையும் எடுத்தேன்." கீழே வைத்த மூன்று குச்சிகளையும் நேராக அடுக்கிக் காட்டினாள். சொன்னபடி கேட்ட பெருமை முகத்தில்.

டீச்சர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. குச்சியைப் பார்த்தாள். வலது பக்கக் கதவைப் பார்த்தாள். ஆபீஸ் அறையைப் பார்த்தாள். அவ்வளவுதான், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குள் புயலாகப் புகுந்தாள். எட்டாம் வாய்ப்பாடு பாதியில் அறுந்தது.

"சார்! அன்னைக்கு அளந்தோமே, பத்து சென்டி கழிச்சீங்களா?"

சாருக்குக் கோபம் வந்தது. "என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க? நீங்க அத்தனை தடவை சொல்லியும் கழிக்காம இருப்பேனா?" சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து விரித்தார். கணக்கை வழிமுறையோடு எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆறு பதிமூன்று, கழித்தல் பத்து, விடை ஆறு மூன்று. அடியில் இரட்டைக் கோடு.

"ஆறு மூணா! மேடம்கிட்ட அஞ்சு தொண்ணூத்தி மூணுன்னு இருக்கே!"

"அது எப்படி இருக்கும்? நான் வச்ச சீட்டு ஆறு மூணு." சார் புதன், வியாழன் இரண்டு நாளும் விடுப்பு. போன் வந்த சேதியே அவருக்கு முழுசாகத் தெரியாது.

இருவரும் ஆபீஸ் அறைக்கு ஓடினார்கள். வராந்தாவில் முப்பத்தோரு பேரும் எழுந்து நின்று "வணக்கம் ஐயா" சொன்னார்கள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். சாருடைய டைரியையும் தன் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"நான் கழிச்சேன்" என்றார். "நீதானேம்மா குழாயடியில நின்னு கழிக்கணும், கழிக்கணும், கழிக்கணும்னு உயிரை எடுத்தே? சார் கழிச்சிருப்பாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காங்கன்னு நான் நினைச்சேன்" என்றார் சார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் பெரிய டீச்சர்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மீட்டர் மூன்று சென்டி! அறை வரும்! பெரிய டீச்சர் பாய்ந்து போனை எடுத்தார். இன்ஜினியர் வண்டியில் வந்துகொண்டிருப்பார் போல, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இனி இரண்டு மணிக்கு அவர் வரும்போது அவர் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். டீச்சர் கணவருக்குப் போன் போட்டாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தவர், மாட்டிய கதவை ஒற்றைக் கீலில் தொங்க விட்டுவிட்டுத் தலையெல்லாம் மரத்தூளோடு வந்து சேர்ந்தார்.

வந்தவர் முதலில் சாரைப் பிடித்துக்கொண்டார். "சார், டேப்பை இழுத்துப் பிடிச்சீங்களா, தொய்வா பிடிச்சீங்களா? கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா மூணு சென்டி சும்மா ஏறிடும்."

சார் குனிந்து தன் கையைப் பார்த்தார். அன்று தான் எப்படிப் பிடித்தோம் என்று மனசுக்குள் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் தன் விரலை நீட்டிப் பார்த்தாள். மூன்று சென்டி. ஆட்காட்டி விரலில் பாதி நீளம். அது தொய்வு என்றால் எல்லாம் பழையபடி வராந்தாதான்.

தச்சர் மண்டி போட்டு டேப்பின் முனையைக் கட்டடச் சுவரின் அடியில் வைத்து, மனைவியைக் கட்டை விரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னார். தான் மதிலுக்குப் போய், ஒரு கண்ணை மூடி நேர் பார்த்து, வீணைத் தந்தி மாதிரி இழுத்தார். டீச்சர் வாயைத் திறந்தாள்.

"ஒன்னும் சொல்ல வேண்டாம்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கழிக்க வேண்டும், கழிக்க வேண்டும் என்று நாக்கு உள்ளே துடித்தது.

"ஆறு பன்னிரண்டு" என்றார் தச்சர். "பத்து போக ஆறு ரெண்டு. சார் ஒரு சென்டி தொய்ய விட்டிருக்கார், பரவாயில்ல."

பெரிய டீச்சர் கை தட்டினார். சார் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். டீச்சர் உட்கார்ந்த இடத்திலேயே, விரலைச் சுவரிலிருந்து எடுக்காமல், விக்கி விக்கிச் சிரித்தாள். இரண்டு சென்டி மிச்சம் இருக்கிறது! இரண்டு சென்டி போதும், அவளுக்கு அது மைதானம்.

மணி பன்னிரண்டு. இரண்டு மணி வரைக்கும் சும்மா இருக்க யாரால் முடியும்? யோசனை யாருடையது என்று பிறகு சண்டை வந்தது. மூன்று பேருமே தன்னுடையது என்றார்கள். ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்புத் தூள் மூட்டை வெளியே வந்தது. தச்சர் ஆணி அடித்து நூல் கட்டினார். சார் நூலோரமாகத் தூளைத் தூவிக்கொண்டே போனார். பெரிய டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, கோணல் கோணல் என்று அவரை ஒரு வழி பண்ணினார். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர் எழுந்தது, அதாவது படுத்தது. ஜன்னல் வரும் இடத்தில் இரட்டைக் கோடு. கரும்பலகைக்குக் கரித்தூள். வாசலுக்கு ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, கதவு திறக்கிற வட்டத்தையும் தச்சர் தன் கையாலேயே போட்டார். கொக்கிகளை மட்டும் எப்படி வரைவது என்று புரியாமல் முப்பத்தோரு கூழாங்கல் பொறுக்கி வரிசையாக வைத்தார்கள்.

டீச்சர் போய் வகுப்பை அழைத்து வந்தாள். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். எங்கே மிதித்துக் கலைத்துவிடுவார்களோ என்று சார் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் பயந்தது வீண். வரிசை கோட்டோரமாகவே சுற்றி வந்தது. முதலில் வந்த பட்டாணி இடைவெளிக்கு எதிரே நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"உள்ள வரலாமா டீச்சர்?"

ஆறு வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே உள்ளே வரக் கேட்பது? டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி, கேட்டுக் கேட்டு உள்ளே வந்து, ஆளுக்கொரு கூழாங்கல் பக்கத்தில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் ஜன்னல் கோட்டருகே போய் நின்று வெளியே எட்டிப் பார்த்தார்கள். மதில் சுவரைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

சரியாக இரண்டு மணிக்கு இன்ஜினியர் வந்தார். கையில் கோப்பு, முகத்தில் இன்னும் மூன்று பள்ளிக்கூடம் போக வேண்டிய அவசரம். பெரிய டீச்சர் மூச்சு விடாமல் நடந்ததைச் சொன்னார். அவர் நம்பவில்லை. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

"மேடம், நீங்க சொல்ற மாதிரி இருந்தாலும் கணக்கு ஒத்து வரலையே. உங்க பேப்பர்ல அஞ்சு தொண்ணூத்தி மூணு. என் வரைபடத்துல அஞ்சு எண்பத்தி மூணு." கோப்பை விரித்துக் காட்டினார். "பதினேழு சென்டி குறையுது. ஏன்னா நான்..." நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்த்தார். "ஏம்மா, கதவுகிட்ட நின்னு டேப்பு டேப்புன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான் சார்" என்றாள். உயிர் போய்விடும் போலிருந்தது.

"நானும் கழிச்சுட்டேன்" என்றார் இன்ஜினியர்.

முதலில் சிரித்தது பெரிய டீச்சர். பிறகு எல்லாரும். இன்ஜினியர் மட்டும் சிரிக்காமல் வண்டிக்குப் போய்த் தன் டேப்பை எடுத்து வந்தார். பூஜ்ஜியம் ஒழுங்காக இருக்கிற டேப். தச்சர் ஒரு முனையில், அவர் ஒரு முனையில். டீச்சர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்று இடத்தில் அளந்தார். ஒரு இடத்தில் ஆறு மூன்று, மற்ற இரண்டிலும் ஆறு இரண்டு.

கோப்பைத் தொடையில் வைத்து, 'இடம் இல்லை' என்று அச்சடித்த தாளைக் கிழித்து மடித்துப் பையில் போட்டார். வரைபடத்தில் பழைய அளவை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இடம் இருக்கு. அடுத்த மாசம் வேலை ஆரம்பம்" என்றார். சார் பெரிய டீச்சரின் குடையைப் பிடுங்கி மேலே வீசினார், அது மதிலுக்கு அப்பால் போய் விழுந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

"உள்ள எப்படி வேணும்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இன்ஜினியர் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார்.

"சார், அது செவுரு!" என்று அலறினாள் பட்டாணி.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, சுற்றி வாசலுக்கு வந்து, முப்பத்தோரு ஜோடி செருப்பைப் பார்த்தார். குனிந்து ஷூவைக் கழற்றினார். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். அவசரம் எங்கே போனதோ தெரியவில்லை. ஜன்னல் எவ்வளவு உயரம் என்று கேட்டார், ஒரு பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லி அதன் கண்ணுக்கு நேரே அளந்தார். தச்சர் பலகையை நீட்டினார், யானைத் தும்பிக்கைக் கொக்கியோடு. இன்ஜினியர் அதையும் வரைந்துகொண்டார்.

"எல்லாம் சரி. எதுக்கும்மா எதையும் மூணு மூணு தடவை சொல்றீங்க?" என்று போகிற போக்கில் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில், வராந்தாப் பக்கம், இரண்டாம் வகுப்பின் பாட்டும் பெரியவர்கள் இல்லாத மூன்றாம் வகுப்பின் கூச்சலும் சேர்ந்து கிளம்பின. இங்கே அது யாரோ பக்கத்து ஊரில் பேசுவது போலத்தான் கேட்டது. இன்ஜினியர் அந்தப் பக்கம் பார்த்தார், வெறும் வராந்தாவையும் நாற்காலியில் சாய்ந்த பலகையையும் பார்த்தார். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுத ஆரம்பித்தார்.

பட்டாணி எழுந்து வாசல் இடைவெளிக்குப் போனாள். தச்சர் போட்ட வட்டத்தின் ஓரத்தில் நின்று, இல்லாத கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"கதவைச் சாத்தட்டுமா டீச்சர்?"

டீச்சர் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். கத்துவதற்காக அல்ல.

"சாத்து" என்றாள், ஒரே ஒரு தடவை. முப்பத்தோரு பேருக்கும் கேட்டது.